ஒஸ்லோவிலை தம்பி சாப்பிட்ட இடங்கள்

ஒஸ்லோவிலை அந்த ஊர்ச் சாப்பாடு எங்கை நல்லாய் இருக்கும் எண்டு என்னைக் கேளுங்கோ, நான் சொல்லுறன். துறைமுகத்திலை கட்டி வைச்சிருக்கிற வள்ளத்திலையே அவிச்ச றால் விப்பினம். கடதாசிப் பையிலை அள்ளித் தருவினம், கரையிலை இருந்து கோது உரிச்சுத் தின்ன வேண்டியதுதான். ட்ராம் போற றோட்டிலை நாலைஞ்சு படி கீழை இறங்கிப் போற கடை ஒண்டு இருக்கு, உள்ளை முழுக்கப் பென்சன்காரர். ஆட்டிறைச்சியையும் கோவா இலையையும் அடுக்கடுக்காய் வைச்சு, முழு மிளகு போட்டு, மணிக்கணக்காய் அவிய விட்டுத் தருவினம். சனிக்கிழமையெண்டால் அதே கடையிலை அரிசியைப் பாலிலை குழைய விட்டு, மேலை பட்டரும் சீனியும் கறுவாத் தூளும் போட்ட கஞ்சி. மலைப்பக்கம் ரெயினிலை ஏறிப் போனால் காட்டுக்குள்ளை ஒரு மரவீடு, அங்கை சுடச்சுட வாஃபிள், அதுக்கு மேலை மண்ணிறச் சீஸ் ஒரு துண்டு. வழி, படி, யன்னல் எல்லாம் எனக்குப் பாடம். ஆனால் நான் ஒஸ்லோவுக்கு ஒருக்காலும் போனதில்லை.

எல்லாம் என்ரை தம்பி சொன்னது. நான் இத்தாலியிலை, பலெர்மோவிலை ஒரு சின்யோராவின்ரை வீட்டிலை வேலை செய்யிறன், இஞ்சை அம்மா எண்டு மரியாதையாய்க் கூப்பிடுறது அப்பிடித்தான். வயசு போன மனிசி, தனிய இருக்கிறா. சமைக்கிறது, துடைக்கிறது, அவவைக் குளிப்பாட்டுறது, அவவின்ரை புறுபுறுப்பைக் கேக்கிறது எல்லாம் என்ரை வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு லீவு. அண்டைக்கு மத்தியானம் தம்பி போன் எடுப்பான். மற்ற வீடுகளிலை காணி, கலியாணம், ஆர் ஆரோடை கோவம் எண்டு கதைப்பினம். இவனுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறை கதை இல்லை.

தம்பிக்கும் எனக்கும் பத்து வயசு இடைவெளி. பெடியனாய் இருக்கேக்கை யாழ்ப்பாணத்திலை இருந்து என்னட்டை வந்தவன். அல்பெர்கேரியாவிலை, பலாரோச் சந்தைக்குப் பின்னாலை எங்களுக்கு இரண்டு அறை வீடு, இப்பவும் அதிலைதான் இருக்கிறம். எங்கடை இவர் சியாகுல்லித் தோட்டங்களிலை மந்தரின் தோடம்பழம் பிடுங்கப் போவார், நான் சின்யோராட்டைப் போவன், தம்பி ஒரு சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவப் போவான். எங்கடை சனம் இஞ்சை எத்தினை வருசம் இருந்தாலும் சந்தையிலை மீனையும் மரக்கறியையும் வாங்கிக்கொண்டு நேரை வீட்டுக்குப் போற சனம். தெருவிலை நிண்டு தின்னுறது எங்களுக்குச் சரிவராது. இவன் வந்து கொஞ்ச நாளிலையே ஒரு தள்ளுவண்டி விடாமல் நிண்டு தின்னத் தொடங்கிட்டான். கடலை மாவைத் தட்டையாய்ப் பொரிச்சுப் பாணுக்குள்ளை வைச்சுத் தருவினம், அதுக்குப் பனெல்லே எண்டு பேர். அது இவனுக்குக் காலமைச் சாப்பாடு.

அதோடை விட்டானே? வுச்சீரியாச் சந்தையிலை மாட்டு மண்ணீரலைக் கொழுப்பிலை பிரட்டிப் பாணுக்குள்ளை வைச்சு விக்கிறாங்கள். அதையும் திண்டுபோட்டு வந்து, அது எப்பிடி இருந்தது எண்டு என்னட்டையே வடிவாய் விளங்கப்படுத்தினான். அண்டைக்கு நான் பேசின பேச்சிலை முன்வீட்டுக்காரி யன்னலைத் திறந்து எட்டிப் பாத்தவ. இது வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற வீடு, மாடு திண்ட வாயோடை என்ரை குசினிக்குள்ளை கால் வைக்கக் கூடாது, போய் முழுகிப்போட்டு வா எண்டன். போய் முழுகினான். அடுத்த கிழமையும் திண்டுபோட்டு வந்து, நான் வாய் திறக்க முதலே நேரை குளியலறைக்குப் போனான். கோவிக்கிறதோ சிரிக்கிறதோ எண்டு எனக்கே தெரியேல்லை.

அவன்ரை நியாயம் இதுதான். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ச் சனம் இருந்து சாப்பிடுற இடத்திலை போயிருந்து, அதுகள் சாப்பிடுறதைச் சாப்பிடோணும், இல்லாட்டி அந்த ஊருக்குப் போனதாய்க் கணக்கில்லையாம். அப்பிடித் தெருவெல்லாம் திண்டுபோட்டு வந்து, என்ரை நண்டுக் கறியிலையும் அரைச் சட்டியை முடிப்பான். கண்ணாலையும் மூக்காலையும் தண்ணி ஓட ஓடத் தின்னுவான். உறைப்புக் காணாது அக்கா, இன்னும் போடுங்கோ எண்டு வேறை சொல்லுவான், அறுவான்.

பிறகு, எனக்கு இன்னும் கிடைக்காத இத்தாலிப் பாஸ்போட் அவனுக்குக் கிடைச்ச கையோடை ஒஸ்லோவிலை ஒரு வேலை சரிவந்து அங்கை போயிட்டான். கலியாணம் கட்டேல்லை. பேசி வந்ததுகளை எல்லாம் ஏதோ சாட்டுச் சொல்லித் தட்டிக் கழிச்சான். வன்னியிலை இருந்து போன ஒரு பெடியனோடை சேர்ந்து வீடெடுத்து இருந்தவன். எனக்கு ஒரே யோசினை, அந்தக் குளிருக்குள்ளை உப்புச் சப்பில்லாததுகளைத் திண்டு இவன்ரை நாக்குச் செத்துப் போகப்போகுது எண்டு. அதாலை வருசத்திலை இரண்டு தரம் தூள் வறுப்பன். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு எல்லாம் தனித்தனியாய் வறுத்து எடுக்கோணும். மிளகாய் வறுக்கிற அண்டைக்கு எங்கடை ஒழுங்கை முழுக்கத் தும்மும். கீழ்வீட்டுக் கிழவன் வெளியிலை வந்து கையை விசுக்கி விசுக்கிப் பேசுவான். பேசட்டும், என்ரை தம்பிக்குத்தானே எண்டு நானும் மேலை நிண்டு திருப்பிப் பேசுவன். அரைச்ச தூளை இரட்டைப் பையிலை கட்டி, நோர்வேக்குப் போறவை ஆரும் இருந்தால் கெஞ்சி மண்டாடிக் குடுத்து விடுவன், இல்லாட்டித் தபாலிலை அனுப்புவன். கிடைச்ச உடனை போன் வரும். அக்கா, வாசம் வாசல் மட்டும் வந்திட்டுது எண்டு சொல்லுவான். எனக்கு அது காணும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவிலை வந்தால் போனை முகத்துக்குப் பிடிக்க மாட்டான், கோப்பைக்குத்தான் பிடிப்பான். அக்கா இஞ்சை பாருங்கோ, இண்டைக்கு இன்ன இடம், இன்ன சாப்பாடு எண்டு துவங்குவான். முதல் வருசங்களிலை கோப்பையிலை விதம்விதமாய் இருக்கும். மண்ணிறக் குழம்புக்குள்ளை இறைச்சி உருண்டை, பக்கத்திலை சிவப்பாய்க் காட்டுப் பழத்திலை செய்த ஜாம். இறைச்சியோடை ஜாமோ, விசரே உனக்கு எண்டு கேட்டு நான் சிரிச்சிருக்கிறன். கடைசி இரண்டு வருசமும் அந்தக் கோப்பை வெளிறிக்கொண்டு போனது. அவிச்ச மீன், அவிச்ச கிழங்கு, பால்கஞ்சி. திருப்பியும் அவிச்ச மீன். உதென்னடா கண்டறியாத சாப்பாடு, மீனும் வெள்ளை கிழங்கும் வெள்ளை கோப்பையும் வெள்ளை, எங்கை தொடங்கி எங்கை முடியுது எண்டே தெரியேல்லை எண்டு பகிடி பண்ணுவன். அவன் சிரிப்பான். இதுதான் அக்கா இந்த ஊரின்ரை உண்மையான சாப்பாடு, மற்றதெல்லாம் வெளியாலை வந்தது, இதைச் சாப்பிடப் பழகினால்தான் இவங்களை விளங்கும் எண்டு பெரிய ஆள் மாதிரிச் சொல்லுவான். முகத்தைக் காட்டடா எண்டால், மீன் ஆறிப்போகும் அக்கா, போனை வையுங்கோ எண்டிடுவான்.

ஒருநாள் எங்கடை சின்யோராவுக்கு வயிறு சரியில்லை. இஞ்சத்தைச் சனம் வயித்துக்கு ஏலாட்டி இன் பியாங்கோ சாப்பிடுவினம், வெள்ளையாய்ச் சாப்பிடுறது எண்டு சொல்லுறது. வெறும் சோறு, அவிச்ச மீன், அவிச்ச கிழங்கு, மேலை துளி எண்ணெய். தக்காளி இல்லை, உள்ளி இல்லை, ஒண்டும் இல்லை. நான் அதை அவவுக்கு வருசக்கணக்காய்ச் செய்து குடுக்கிறன். அண்டைக்குக் கோப்பையை முன்னாலை வைச்சிட்டு, என்ரை தம்பி ஒஸ்லோவிலை கடைக்குப் போய்க் காசு குடுத்து இதைத்தான் சாப்பிடுறான் எண்டு பகிடியாய்ச் சொன்னன். மனிசி கரண்டியை வைச்சிட்டு என்னைப் பாத்தா. "உன்ரை தம்பிக்குச் சுகமில்லையோ?" எண்டு கேட்டா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அது வருத்தக்காரச் சாப்பாடு இல்லைச் சின்யோரா, அந்த ஊரிலை எல்லாரும் அப்பிடித்தான் சாப்பிடுகினம் எண்டு வெடுக்கெண்டு சொன்னன். இவையளுக்குத் தங்கடை சாப்பாட்டை விட்டால் மற்றதெல்லாம் ஆசுப்பத்திரிச் சாப்பாடுதான் எண்டு மனசுக்குள்ளை திட்டிக்கொண்டு போய்ச் சட்டியைக் கழுவினன்.

அவன் என்னை வா வா எண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தவன். இடமெல்லாம் பாத்து வைச்சிருக்கிறன், முதல்நாள் வள்ளத்து றால், அடுத்தநாள் படி இறங்கிப் போற கடை, வெயில் எறிச்சால் மலைக்கு ஏறுவம் எண்டு சொல்லுவான். ஓகஸ்டிலை போகலாம் எண்டால், ஓகஸ்டிலைதான் சின்யோராவின்ரை பிள்ளையள் கடற்கரைக்குப் போவினம், அவவைப் பாக்க ஆள் வேணும். பேந்து என்ரை பெர்மெசோ, இந்த நாட்டிலை இருக்கிறதுக்குத் தாற விசா அட்டை, முடிஞ்சு, புதுப்பிக்கக் குவெஸ்தூராவிலை, அதுதான் பொலிஸ் கந்தோரிலை, குடுத்தது, மாதக்கணக்காய் அங்கையே கிடந்தது. கையிலை அதைக் குடுத்ததுக்கான துண்டு மட்டும்தான் இருக்கு. அந்தத் துண்டோடை இலங்கைக்குப் போய் வரலாமாம், ஒஸ்லோவுக்குப் போகேலாதாம். அட்டை கையிலை வரட்டும், வந்த கையோடை ரிக்கற் போடுறன் எண்டு அவனுக்குச் சொன்னன். வையடா உன்ரை றாலை ஐசிலை எண்டன்.

கடைசியாய் அவன் ஒரு புது இடம் சொன்னவன். உயரத்திலை இருக்காம், யன்னலாலை பாத்தால் முழு ஒஸ்லோவும் கடலும் தெரியுமாம். சாப்பாடு கட்டிலடிக்கே, இல்லை, கதிரையடிக்கே கொண்டுவந்து தருவினமாம், எழும்பவே விடமாட்டினமாம். மீன் சும்மா வெண்ணெய் மாதிரி இருக்காம், சப்பத் தேவையில்லையாம். கட்டில் எண்டு அவன் வாய் தவறினதை நான் கேட்டனான்தான், கேட்டும் எனக்கு ஒண்டும் ஓடேல்லை. பணக்காரச் சீவியம்தான் உனக்கு, நான் இஞ்சை மற்றவைக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறன், உனக்கு அங்கை கொண்டுவந்து தருகினம் எண்டு சொன்னன். ஓமக்கா எண்டு சிரிச்சான். சிரிக்கேக்கை இருமினான்.

அதுக்குப் பிறகு ஒரு ஞாயிறு போன் வரேல்லை. செவ்வாய்க்கிழமை, நான் சின்யோராவின்ரை கட்டில் விரிப்பை அயர்ன் பண்ணிக்கொண்டு நிக்கேக்கை, அந்த வன்னிப் பெடியன் எடுத்தான். அக்கா எண்டான். திருப்பி அக்கா எண்டான். எனக்கு விளங்கிட்டுது. எப்பிடி எண்டு கேட்டன், திடீரெண்டு நடந்திட்டுது அக்கா எண்டு மட்டும் சொன்னான். விரிப்பு கருகின மணம் வந்துதான் சின்யோரா தடியை ஊண்டிக்கொண்டு வந்தவ. என்னை அவவின்ரை கட்டிலிலையே படுக்க வைச்சா.

செத்தவீட்டுக்கும் போகேல்லை. அந்தத் துண்டைத் தூக்கிக்கொண்டு குவெஸ்தூராவிலை போய் நிண்டு அழுதும் பாத்தன், பாவம் எண்டு சொல்லிச்சினம், ஏலாது எண்டும் சொல்லிச்சினம். எங்கடை குசினியிலை சீனிப் பேணியோடை போனைச் சாத்தி வைச்சுத்தான் பாத்தன். தூரத்திலை பெட்டி தெரிஞ்சுது, முகம் தெரியேல்லை. உரித்துக்காரர் ஒருத்தரும் அங்கை இல்லாததாலை அந்தப் பெடியன்தான் பெட்டியை எரிய விடுற பொத்தானை அமத்தினவன். நடுவிலை லைன் அறுந்து, திருப்பி வரேக்கை எல்லாம் முடிஞ்சு ஆக்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு நிக்கினம். என்ரை தம்பியை நான் அப்பிடித்தான் வழியனுப்பினனான்.

எட்டுச் செலவையாவது என்ரை வீட்டிலை செய்யிறது எண்டு ஒற்றைக் காலிலை நிண்டன். எங்கடை முறையிலை செத்த ஆளுக்கு விருப்பமான சாப்பாடு எல்லாத்தையும், மீனோ இறைச்சியோ, சமைச்சு இலையிலை படைக்கிறது. படைச்சுப்போட்டு எல்லாரும் வெளியாலை வந்து கதவைச் சாத்திப்போட்டு இருப்பம். அவர் வந்து ஆறுதலாய்ச் சாப்பிட்டிட்டுப் போகோணும். வீட்டுச் சாப்பாடு அவருக்கு அதுதான் கடைசி. பேர்தான் எட்டு, வெளிநாட்டிலை அது எட்டாம் நாளிலை வராது, எல்லாருக்கும் லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைதான் எட்டு. அந்தப் பெடியன் தம்பியின்ரை சாமான்களைக் கொண்டு சனிக்கிழமை வந்து இறங்கினான்.

நல்ல பெடியன், அதிகம் கதைக்க மாட்டான். அவனைத் தம்பி எண்டு கூப்பிட எனக்கு வாய் வரேல்லை, பொதுவாய் இஞ்சை வாரும், இரும் எண்டு சமாளிச்சன். பின்னேரம் அவனைப் பலாரோவுக்குள்ளாலை கூட்டிக்கொண்டு போனன். பாத்தால் எங்கடை சந்தை முழுக்க அவனுக்குப் பாடம். இதிலைதானே பனெல்லே, இந்த மூலையிலைதானே வெங்காயமும் தக்காளியும் போட்ட தடிச்ச பாண் விக்கிற வண்டி, மண்ணீரல் விக்கிற இடம் அங்காலை வுச்சீரியாவிலை எல்லோ எண்டு கேட்டான். மாடு திண்டிட்டு முழுகின கதையும் தெரியுமாம். என்னோடை கதைக்கேக்கை முழுக்க ஒஸ்லோச் சாப்பாட்டைச் சொன்னவன், அவனோடை இருக்கேக்கை முழுக்கப் பலெர்மோச் சாப்பாட்டைச் சொல்லியிருக்கிறான். பெடியன் ஒரு பனெல்லே வாங்கி, கடிச்சுப்போட்டு, நிண்ட நிலையிலை கண்ணைத் துடைச்சான். நானும் ஒண்டு வாங்கி முதல்முறையாய்த் தெருவிலை நிண்டு திண்டன்.

ஞாயிறு விடிய எழும்பிச் சமைச்சன். நண்டுக் கறி, கணவாய்ப் பிரட்டல், ஆட்டிறைச்சி, றால் பொரியல், மிளகாய் இடிச்சுப் போட்ட சம்பல், கத்தரிக்காய்க் குழம்பு, முட்டைப் பொரியல். தூளை இரண்டு பங்காய்ப் போட்டன். உறைப்புக் காணாது எண்டு சொல்லுறவன் எல்லோ, இண்டைக்காவது அவன் வாயாலை காணும் எண்டு வரட்டும் எண்டு நினைச்சன். அழுதழுதுதான் சமைச்சன், மிளகாய்ப் புகை எண்டு எங்கடை இவருக்குச் சாட்டுச் சொன்னன். அறையைத் துடைச்சு, அவன் பெடியனாய் இருக்கேக்கை எடுத்த படத்தை வைச்சு, வாழையிலையிலை எல்லாத்தையும் படைச்சன். இவர் தான் பிடுங்கின மந்தரின் பழங்களைக் கரையிலை வைச்சார்.

அவன்ரை உடுப்பு ஒண்டையும் இலைக்குப் பக்கத்திலை வைக்கிறது முறை. அதுக்குத்தான் பெடியன் கொண்டுவந்த பையைத் திறந்தன். மேலை கிடந்த சேர்ட்டை விரிச்சுப் பாத்தால் அது பள்ளிக்கூடப் பிள்ளையின்ரை அளவிலை இருக்கு. ஆருடையதையோ மாறிக் கொண்டுவந்திட்டான் எண்டு நினைச்சு அடுத்ததை எடுத்தன், அதுவும் அப்பிடித்தான். அதுக்குக் கீழை என்ரை தூள். நான் இரண்டு வருசமாய் அனுப்பின பை எல்லாம், கட்டிக் குடுத்த மாதிரியே அடுக்கிக் கிடக்கு. கட்டு மட்டும் அவிழ்த்துத் திருப்பிக் கட்டியிருக்கு, தூள் ஒரு கரண்டி குறையேல்லை.

எனக்கு வந்த கோவம் சொல்லேலாது. படையலுக்கு முன்னாலை கத்தக் கூடாது எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு சேர்ட்டை இலையடியிலை வைச்சன், விளக்கைத் தூண்டினன், எல்லாரையும் வெளியாலை எடுத்துக் கதவைச் சாத்தினன். குசினிக்கு வந்து நிண்டுகொண்டுதான் பெடியனைக் கேட்டன். என்ரை தூள் அவருக்குப் பிடிக்காமல் போச்சோ, அங்கத்தை அவிச்ச மீனைத் திண்டு திண்டு வெள்ளைக்காரனாய்ப் போனாரோ, ஒழுங்கை முழுக்கத் தும்ம வைச்சு வறுத்து அனுப்பினது குப்பைக்கோ எண்டு கேட்டன். பெடியன் சாத்தின கதவைப் பாத்தான்.

"அக்கா, அங்கை படைச்சதிலை ஒண்டையும் அவராலை சாப்பிடேலாது" எண்டான்.

பேந்து கொஞ்சம் கொஞ்சமாய்ச் சொன்னான். வயித்திலை வருத்தம். கண்டுபிடிக்கேக்கையே பிந்திப் போச்சாம். வயித்திலை பெரும்பங்கை வெட்டி எடுத்ததாம். அதுக்குப் பிறகு உறைப்பு வாயிலை பட்டாலே சுருண்டு விழுந்திடுவானாம். படி இறங்கிப் போற கடை, வள்ளத்து றால் எல்லாம் முதல் வருசங்களிலை போன இடங்கள். பேந்து போன இடமெல்லாம் அவையின்ரை சொந்தக் குசினிதான். பெடியன் மீன் அவிச்சுக் குடுப்பானாம், இவன் அதை நல்ல கோப்பையிலை மாத்தி வைச்சு, போனைச் சரிபாத்து, ஒரு கடையின்ரை பேரை யோசிச்சுப்போட்டு எனக்கு எடுப்பானாம். இரண்டு வாய்க்கு மேலை இறங்காதாம். உயரத்திலை இருந்து முழு ஒஸ்லோவும் தெரியிற இடம் ஆசுப்பத்திரியாம்.

ஏன் எனக்குச் சொல்லேல்லை எண்டு கேட்டன். அக்காவுக்குச் சொன்னால் அந்தத் துண்டோடையே வெளிக்கிட்டு எங்கையாவது பிடிபட்டுப் பெர்மெசோவையும் துலைப்பா எண்டு சொன்னவனாம். அது உண்மைதான், வெளிக்கிட்டிருப்பன். அப்ப தூளையாவது வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே எண்டன். தூள் வாற அண்டைக்குப் பையை அவிழ்த்து மடியிலை வைச்சு மணந்து பாத்துக்கொண்டு இருப்பானாம், பேந்து கட்டி வைப்பானாம். கடைசியிலை ஆசுப்பத்திரிக்கும் ஒரு பை கொண்டு வரச் சொன்னவனாம்.

நான் குசினி நிலத்திலை இருந்திட்டன். எனக்கு என்னிலை கோவமோ அவனிலை கோவமோ தெரியேல்லை. வருசக்கணக்காய் ஒரு மனிசிக்கு வருத்தச் சாப்பாடு சமைச்சுக் குடுக்கிறவள் நான். சின்யோரா ஒரு தரம் கேட்ட உடனை பிடிச்சிட்டா. என்ரை தம்பி ஞாயிற்றுக்கு ஞாயிறு அந்தக் கோப்பையைக் கொண்டுவந்து என்ரை கண்ணுக்கு முன்னாலை நீட்டிக்கொண்டு இருந்தவன். பாவி, ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.

பேந்துதான் கதவு ஞாபகம் வந்தது. அங்காலை அவன் வந்திருந்தால், கடைசிச் சாப்பாட்டுக்கு முன்னாலை இருந்துகொண்டு தின்னவும் ஏலாமல், அக்கா சமைச்சது எண்டு எழும்பவும் ஏலாமல் இருப்பான். எழும்பிக் கைப்பையை எடுத்தன். கிழங்கை அவிய வையுங்கோ எண்டு இவருக்குச் சொல்லிப்போட்டுப் பலாரோவுக்கு ஓடினன்.

சந்தை கலையிற நேரம். அதிலை பக்கலா விக்கிற ஒருத்தன் இருக்கிறான். உப்புப் போட்ட பெரிய மீனை ஊறவிட்டுத் தொட்டியிலை வைச்சிருப்பான், மேலை நோர்வே எண்டு அட்டையிலை எழுதிக் குத்தியிருக்கும். பலெர்மோச் சனத்துக்கு அது உயிர். நான் அந்த அட்டையைத் தாண்டித்தான் இத்தினை வருசமும் வேலைக்குப் போய் வாறன், ஒரு நாளும் வாங்கினதில்லை, எங்கடை கருவாட்டுக்குக் கிட்ட வராது எண்ட எண்ணம். அண்டைக்குப் போய் ஒரு துண்டு கேட்டன். எப்பிடிச் செய்யப்போறாய், தக்காளியும் ஒலிவும் போட்டோ, மாவிலை தோய்ச்சுப் பொரிச்சோ, அதுக்கேத்த மாதிரி வெட்டுறன் எண்டான். வெறும் தண்ணியிலை அவிக்கப் போறன் எண்டன். கத்தியை நிப்பாட்டிப்போட்டு நிமிந்து பாத்தான்.

"வீட்டிலை ஆருக்கும் சுகமில்லையோ, சின்யோரா?"

"ஓம்" எண்டு அவன்ரை பாஷையிலை சொன்னன். "என்ரை தம்பிக்கு."

அப்பிடியோ எண்டு சொல்லி, வெட்டின துண்டைத் திருப்பி வைச்சிட்டு, நடுப்பாகத்திலை தடிச்ச துண்டாய்ப் பாத்து எடுத்தான். விரலாலை தடவித் தடவி ஒவ்வொரு முள்ளாய்ப் புடுங்கினான். ஒரு தேசிக்காயையும் பைக்குள்ளை போட்டு, மெல்லிய நெருப்பிலை வை, கொதிக்க விடாதை, கெதியாய்ச் சுகம் வரும் எண்டு சொல்லித் தந்தான். நான் கிராச்சியே எண்டு சொல்லி வாங்கிக்கொண்டு வந்தன்.

வந்து அறையைத் திறந்து நண்டையும் கணவாயையும் ஒவ்வொண்டாய் வெளியிலை எடுத்தன். படைச்சதைப் பாதியிலை எடுக்கலாமோ எண்டு இவர் இழுத்தார். படைச்ச ஆளாலை தின்னேலாட்டி அது என்ன படையல் எண்டு கேட்டன். மீனைக் கடைக்காரன் சொன்ன மாதிரியே அவிச்சன். கை தன்ரை பாட்டிலை தூள் பேணிக்குப் போனது, திருப்பி எடுத்தன். கிழங்கை மசிச்சன். பெடியன் பக்கத்திலை நிண்டு அரிசியைப் பாலிலை குழைய விட்டு, பட்டரும் சீனியும் கறுவாவும் போட்டான், அவனுக்குத்தான் பதம் தெரியும். புது இலை விரிச்சு மூண்டையும் வைச்சன். எல்லாம் வெள்ளை. பையிலை இருந்த தூளிலை ஒண்டைக் கட்டவிழ்த்து, இலையிலை படாமல் கொஞ்சம் தள்ளி வைச்சன், அவன் மணந்து பாக்கிறதுக்கு.

வெளியாலை வந்து கதவைச் சாத்தினன். மற்றவை குசினிக்குப் போச்சினம், எனக்குப் போக மனம் வரேல்லை. கதவோடை நிண்டுகொண்டு, ஞாயிற்றுக்கிழமை போனிலை கதைக்கிற மாதிரி உரத்துச் சொன்னன்.

"தம்பி, உறைப்பு ஒண்டும் போடேல்லையடா. பயப்பிடாமல் சாப்பிடு."